மெஷினுக்குப் போட்ட மாலை

நைனாவுக்கு உங்கள் மகள் கங்கம்மா வணக்கம் சொல்லி எழுதுவது. முட்டி வலி குறைந்ததா? போனில் கத்தினால் உங்களைத் தவிர ஆஸ்டல் முழுக்கக் கேட்கிறது, அதனால்தான் கடுதாசி.

இங்கே கும்மிடிப்பூண்டி கம்பெனியில் நித்தியகல்யாணிச் செடிகளுக்குத் தண்ணீர் விடுகிறேன். நம்மூர்ச் சுடுகாட்டில் பூக்குமே, அதேதான். என் வீட்டுக்காரரைக் கொண்டுபோன புற்றுநோய்க்கு அந்த இலையில் புது மருந்து தேடுகிறார்கள். இப்போதைக்குக் கண்ணாடித் தட்டில்தான் சோதனையாம், மனுஷனுக்கு வர வருஷக்கணக்காகுமாம்.

ஆயுத பூசைக்குப் பூக்காரி வரவில்லை. நாற்பது தொட்டிச் செடியையும் பூவும் இலையுமாக மொட்டையடித்து, அரைக்கும் மெஷினுக்கு மாலை கட்டிப் போட்டுவிட்டேன்.

ஆராய்ச்சி செய்கிற அன்புராஜ் சார் தலையில் கை வைத்துக்கொண்டார். "இன்னா கங்கம்மா, ஆறு மாச ஆராய்ச்சிய மெஷினு கய்த்துல மாட்டிட்டு சிரிச்சிக்கினு நிக்கிறியே!"

"மெஷினு நல்லா ஓடட்டும்னுதான் சார்."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வேலை போகவில்லை, கவலைப்படாதீர்கள். புதுச் செடி கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.

என் வீட்டுக்காரர் சமாதி மேல் மண்டிக்கிடக்கிறதே, அதில் கொஞ்சம் வேரோடு எடுத்து, ஈரச் சாக்கில் சுற்றி, தம்பி கோபாலிடம் கொடுத்தனுப்புங்கள். எலுமிச்சை ஊறுகாயும் வையுங்கள். கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கிறது.

தலைமாட்டில் இருக்கும் செடியை மட்டும் பிடுங்க வேண்டாம் நைனா. அவருக்கு வெயில் ஆகாது.

கங்கம்மா