உறை பிரிக்காத இருக்கை

என்னங்க,

இதை எழுத உட்கார்வதும் எழுந்து நடப்பதுமாகவே இருக்கிறேன்.

நான் செட் போட்ட விண்வெளிப் படத்தை நேற்று எங்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். உங்கள் அம்மாவையும் கூட்டிப்போனேன். முதல் ஷாட்டில் ஆளே கிடையாது. விண்கலத்துக்குள் கேமரா மெல்ல நகர்கிறது. இரண்டு இருக்கைகள். ஒன்று தேய்ந்து பஞ்சு பிதுங்கியிருக்கிறது. இன்னொன்றில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. அவ்வளவுதான்.

"யாருக்கும்மா புரியும்? பின்னணியில ஒரு குரல் போட்டு விளக்கிடலாம்" என்று தயாரிப்பாளர் ஒற்றைக்காலில் நின்றார். நானும் விடவில்லை. படம் ஓட ஆரம்பித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

இருட்டில் அத்தை சத்தமாகவே சொன்னார்கள்: "அடப்பாவமே, கூட வரவேண்டியவ கடைசிவரைக்கும் வரவே இல்லையா?"

தயாரிப்பாளர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். குரல் வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. எல்லாரும் எனக்குக் கைகொடுத்தார்கள். நான் அத்தை முகத்தைப் பார்க்காமல் பையில் கார் சாவியைத் துழாவிக்கொண்டிருந்தேன்.

அங்கே குளிர் குறைந்துவிட்டதா? "எப்ப கிளம்பி வர்றே?" என்று நீங்கள் போனில் கேட்கும்போதெல்லாம் படம் முடியட்டும் என்றேன். முடிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அத்தை நாற்காலி போட்டு ஏறி, பரணிலிருந்து என் பெரிய பெட்டியை இறக்கித் துடைத்து, கூடத்து நடுவில் வைத்தார்கள். போகவர காலில் இடிக்கிறது.

நான் அதைத் திரும்ப ஏற்றிவைக்கவில்லை.

உங்கள் மனைவி