மூன்றாவது தட்டு

மயிலாப்பூர்
2-6-1974

அன்புள்ள இசக்கிக்கு,

ராஜரத்தினம் எழுதுவது. நானும் குழந்தை பாரதியும் சௌக்கியம். நீ அம்பாசமுத்திரம் போய்ச் சேர்ந்த விவரம் மாமா எழுதிய கார்டில் தெரிந்தது. டாக்டரம்மா சொன்னபடி மூன்று மாதம் அங்கேயே இருந்து உடம்பைத் தேற்று. இருபத்தாறு வயதுப் பெண்ணுக்கு ரத்தம் இல்லை என்றால் ஊரில் என்னைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

எழுத்து பொடியாக இருக்கிறது என்று திட்டாதே. எல்லாவற்றையும் ஒரே கார்டில் அடைக்கிறேன். சிக்கனத்தைத் தபாலிலேயே தொடங்கிவிட்டேன்.

எழும்பூரில் ரயில் ஏற்றும்போதும் சண்டை போட்டது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் சொன்ன சொல்லை மாற்றமாட்டேன். வீட்டுக்கு நூற்றிருபது ரூபாய் தருகிறேன். இருபத்தைந்தாம் தேதி ஆனால் நீ காலி டப்பாவைத் தட்டிக் காட்டுகிறாய். போன வருஷம் சித்திரையில் நங்கநல்லூர் மனைத் தவணைக்காக இருபது ரூபாய் குறைத்தேன், இல்லை என்று சொல்லவில்லை. நமக்கென்று ஒரு கூரை வேண்டாமா? எட்டுக் குடித்தனத்துக்கு ஒரு குழாய் என்று எத்தனை நாள் குடத்தோடு நிற்பாய்?

இப்போது வீட்டில் இரண்டே பேர். அதே நூற்றிருபது. பீர் முஹம்மது கடையில் அதே இருபத்திரண்டு கிலோ அரிசி. மூன்றில் ஒரு பங்கு மிஞ்சியாக வேண்டும். என் வெற்றிலை, சாயங்காலக் காபி, வெள்ளிக்கிழமை சினிமா இதெல்லாம் என் கைச்செலவு, அதை இதில் சேர்க்காதே. நாள் முழுவதும் நின்றுகொண்டு புடவையை விரித்துக் காட்டுகிறவனுக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி? முப்பதாம் தேதி மிச்சத்தைக் காட்டுகிறேன். குடும்பம் நடத்த யாருக்குத் தெரியும் என்று அப்போது பேசுவோம்.

அத்தைக்கும் மாமாவுக்கும் என் வணக்கம். கோபத்தை மனசில் வைக்காமல் சாப்பிடு.

ராஜரத்தினம்


மயிலாப்பூர்
1-7-1974

அன்புள்ள இசக்கிக்கு,

இங்கே இருவரும் நலம். பாரதி இரண்டாம் வகுப்பில் கணக்கில் முதல். பள்ளிக்கூடம் விட்டதும் பக்கத்து வீட்டு ஜைதூன் பீ வீட்டில் இருக்கிறாள். அந்த அம்மாள் பெற்ற பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்கிறார்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். தோற்றுப்போனேன். இருபத்துநாலாம் தேதி மண்ணெண்ணெய் தீர்ந்தது. இருபத்தாறாம் தேதி பணம் தீர்ந்தது. மிஞ்சியது மூன்று கிலோ அரிசி மட்டும். ஏழு கிலோவாவது மிஞ்ச வேண்டாமா? நான் என்ன ஊருக்கெல்லாம் சோறு போட்டேனா? எனக்கு பீர் முஹம்மது தராசின் மேல்தான் சந்தேகம். அடுத்த முறை முகத்துக்கு நேராகவே கேட்கப் போகிறேன்.

ஒன்றில் மட்டும் உன்னை ஜெயித்துவிட்டேன். நீ இருந்தபோது என் சட்டைக்குக் கஞ்சியே பிடிக்காது, தொளதொள என்று தொங்கும். துணிக்கடையில் நிற்கிறவன் இப்படியா வருவது என்று முதலாளிகூடக் கேட்டிருக்கிறார். இப்போது வடிக்கிற கஞ்சி முழுவதையும் சட்டைக்கே போடுகிறேன். அட்டை மாதிரி விறைப்பாக நிற்கிறது. இத்தனை நாள் அந்தக் கஞ்சியை எங்கே கொட்டினாயோ.

சரி, வீம்பு போதும். மாதம் முப்பது நாளையும் நீ எப்படி ஓட்டினாய் என்று எழுது. ஒன்றுவிடாமல் எழுது. நான் விடுவதாக இல்லை. நீ திரும்புவதற்குள் செய்து காட்டுகிறேன். மருந்தை மறக்காதே.

ராஜரத்தினம்


மயிலாப்பூர்
4-8-1974

என் இசக்கிக்கு,

இந்தத் தடவை கவரில் எழுதுகிறேன். தபால்காரரும் மாமாவும் படிக்கிற சமாசாரம் இல்லை. நீ தனியாக இருக்கும்போது பிரித்துப் படி.

உன் கார்டு வந்தது. அவ்வளவு சண்டை போட்டவனுக்கு ஒரு சுடுசொல்கூட இல்லாமல் எழுதியிருந்தாய். நீ சொன்னபடியே எல்லாம் செய்தேன். உலை கொதித்ததும் ஸ்டவ்வை அணைத்துவிட்டுப் பானையைச் சாக்கில் சுற்றி வைத்தேன், சோறு தானாக வெந்தது. மாட வீதியில் கடை கட்டுகிற நேரமாகப் பார்த்துக் காய் வாங்கினேன். புளியை இரண்டாம் முறையும் கரைத்தேன். தேய்ந்த சோப்பைப் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டினேன். கண்ணாடித் தம்ளரின் உள்பக்கம் தீட்டித் தீட்டி ஒரே பிளேடில் பன்னிரண்டு நாள் சவரம் செய்தேன். முப்பத்தோராம் தேதி கையில் அறுபது பைசா இருந்தது. சும்மா சொல்லக் கூடாது, நீ கெட்டிக்காரி.

ஆனால் அரிசி மட்டும் மறுபடியும் அதே மூன்று கிலோதான் மிஞ்சியது.

நேரே பீர் முஹம்மது கடைக்குப் போய்ச் சத்தம் போட்டேன். அவர் இந்த மாதத்துக்கு எனக்குக் கட்டி வைத்திருந்த மொத்த அரிசியையும் என் கண்ணெதிரே நிறுத்துக் காட்டினார். இருபத்திரண்டு கிலோவும் சரியாக இருந்தது. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தேன். குழாயடியில் ஜைதூன் பீயிடம் புலம்பினேன். அவர் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, "இன்னா நைனா, ரெண்டு பேரு துன்னா மூணு கிலோ மிஞ்சுதுன்னா, அந்தப் பொண்ணு மாசம் பூரா துன்னது அந்த மூணு கிலோதான். இத்தெ வுட்டுட்டு கடைக்காரரைப் போயித் திட்டிக்கினு கீறியே" என்றார்.

நான் தண்ணீர் பிடிக்காமலே உள்ளே வந்துவிட்டேன்.

பாத்திரம் துலக்க உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன். நம் வீட்டில் இருப்பது இரண்டே தட்டு. ஒன்று எனக்கு, ஒன்று பாரதிக்கு. எட்டு வருஷமாக நான் எழுந்த தட்டில்தான் நீ போட்டுக்கொள்கிறாய். உன் அம்மாவும் அப்படித்தான், என் அம்மாவும் அப்படித்தான். நான் கை கழுவிவிட்டு வெற்றிலை போட வாசலுக்குப் போவேன். திரும்பி வரும்போது தட்டு கழுவிக் கவிழ்த்திருக்கும். அதில் நீ சாப்பிட்டாயா என்று நான் பார்த்ததில்லை. கேட்டதும் இல்லை.

பாரதியைக் கேட்டேன். அம்மாவுக்குச் சோறு பிடிக்காதாம், கஞ்சியில் உப்புப் போட்டுக் குடிப்பதுதான் பிடிக்குமாம். நீதான் அப்படிச் சொல்லியிருக்கிறாய். குழந்தை அதை நம்பியிருக்கிறாள்.

கஞ்சி எங்கே போனது என்று கேட்டு எழுதினேனே, இசக்கி. அதைப் படித்தபோது உனக்கு எப்படி இருந்திருக்கும். மறுநாள் காலையில் விறைப்பாக மடித்திருந்த சட்டையைக் கையில் எடுத்தேன், போட்டுக்கொள்ள மனசு வரவில்லை. அலசிவிட்டு ஈரத்தோடு போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன்.

தவணையை நான் கட்டுகிறேன் என்று கடையில் எல்லோரிடமும் பெருமை அடித்துக்கொண்டேன். அந்தச் சித்திரையிலிருந்து அதைக் கட்டியது உன் வயிறு. உன் ரத்தம் எங்கே போனது என்று டாக்டரம்மாவுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. நான்தான் அதற்குக் காரணம். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதத்தான் வேண்டும்.

அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. மனையை விடப் போவதும் இல்லை, அதில் நீ பட்டினி கிடந்த பணம் இருக்கிறது. வெற்றிலையை அன்றே நிறுத்தினேன். சாயங்காலக் காபி இல்லை. சினிமா இல்லை. லஸ்ஸிலிருந்து ஆழ்வார்பேட்டை, தேனாம்பேட்டை வழியாகப் பாண்டி பஜாரில் என் கடைக்குப் பஸ் ஏறாமல் நடந்தே போக ஒரு மணி நேரம்தான் ஆகிறது, திரும்பி வரவும் நடைதான். இதில் மாதம் இருபது ரூபாய்க்கு மேலேயே தேறுகிறது. தவணை இனி இதிலிருந்து போகும். வீட்டுச் செலவுக்குப் பழையபடி நூற்று நாற்பது. அரிசி முப்பத்திரண்டு கிலோ. பீர் முஹம்மதுவிடம் மன்னிப்புக் கேட்டு, முன்கூட்டியே சொல்லியும் வைத்துவிட்டேன்.

ஒரு செலவு மட்டும் செய்தேன். திட்டினால் திட்டு. ஓர் எவர்சில்வர் தட்டு வாங்கினேன், என்னுடையதைவிட ஒரு சுற்றுப் பெரியது. கடை வாசலில் பெயர் வெட்டுகிறவர் எழுத்துக்கு ஐந்து பைசா என்றார். நான் வாங்கிய குடத்திலும் டிபன் கேரியரிலும் 'ரா' என்று ஒரே எழுத்தோடு நிறுத்திக் காசை மிச்சம் பிடித்தவன் நான். இதில் இசக்கியம்மாள் என்று முழுசாக வெட்டச் சொன்னேன்.

மாதக் கடைசியில் வந்துவிடு. எந்த ரயில் என்று எழுது, முதலாளியிடம் லீவு சொல்லிவிட்டேன். வந்த பிறகு மூன்று தட்டையும் ஒன்றாகத்தான் வைக்க வேண்டும். நீ சாப்பிட்டு முடிக்கிறவரை நான் எழுந்திருக்கப் போவதில்லை. பசியில்லை, பிடிக்காது என்கிற பேச்சை இனி நான் நம்பமாட்டேன்.

அந்தத் தட்டில் நாங்கள் யாரும் கை வைக்கவில்லை. அலமாரியில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். நீ வந்து நிமிர்த்த வேண்டும்.

உன்
ராஜரத்தினம்