சங்கரிக்கு எது போதும்

விருத்தாசலம்
ஆவணி, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகன் வளவனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே அப்பாவுக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறையில்லை, நானும் அப்படியே, நீயும் மருமகள் ஜெயஸ்ரீயும் அந்தக் குளிர் தேசத்தில் சளி காய்ச்சல் இல்லாமல் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கக் கொளஞ்சியப்பரை வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் கொஞ்சம் குரலை உயர்த்தினால் போதும், சரிம்மா, மீட்டிங் இருக்குது, அப்பறம் பேசறேன் என்று வைத்துவிடுகிறாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாது. அதனால் முழுதும் படி, ஜெயஸ்ரீயிடமும் கொடு.

எனக்கு இந்த ஆடி மாதம் முழுக்க வெறுத்துப் போய்விட்டதடா. உன் மேலும் வெறுப்பு, உன் அப்பா மேலும் வெறுப்பு, என் கூடப்பிறந்த பழமலை மேலும் வெறுப்பு. உன் பேரில் கொளஞ்சியப்பர் கோயிலில் சாமிக்குப் பிராது எழுதிக் கட்டலாமா என்றுகூட யோசித்தேன். பெற்ற பிள்ளை பேரில் கட்டினால் சாமி முதலில் என்னைத்தான் விசாரிப்பார் என்று விட்டுவிட்டேன். நடந்ததில் பாதி உனக்குத் தெரியாது, தெரிந்த பாதியும் உனக்குச் சாதகமான பாதி. உன் தங்கை சங்கரி இங்கேயே செராமிக் டிப்ளமோ முடித்துவிட்டு நம் பீங்கான் பட்டறையில் அப்பாவோடு அச்சு போட்டுக்கொண்டிருந்தாள் அல்லவா, குஜராத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் டிசைன் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று எழுதிப் போட்டாள். அவர்கள் ஒரு சோதனை வைத்தார்கள். மூடியோடு ஒரு டீ ஜாடி, ஊற்றும்போது மூக்கில் சொட்டக் கூடாது, சூளையில் சுருங்குகிற அளவையும் சேர்த்து அச்சுக்கு ஏற்றபடி கம்ப்யூட்டரில் வரைந்து ஆடி மூன்றாம் வெள்ளிக்குள் அனுப்ப வேண்டும். வரைவதற்கான சாஃப்ட்வேரையும் அவர்களே கொடுத்தார்கள். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. இவ்வளவுதான் விஷயம். ஒரு பெண் பிள்ளை தன் கையால் ஒரு வேலை பிடிக்கப் பார்க்கிறாள், அதற்கு ஒரு கருவி வேண்டும். அதற்கு இந்த வீட்டு ஆம்பளைகள் செய்த அழிச்சாட்டியத்தை நினைத்தால் இப்போதும் குமட்டுகிறது.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கூடிப் பேசினீர்களே, ஞாபகம் இருக்கிறதா, நீ ஸ்பீக்கரில் இருந்தாய். சங்கரி உள்ளே வடை சுட்டுக்கொண்டிருந்தாள். உன் மாமா, டேப்லெட்டு வாங்கு அத்தான், கூடவே பேனாவும் தருவான், அப்படியே வரையலாம் என்றான். உன் அப்பா, அதெல்லாம் வெளையாட்டு சாமான், டேபிள் மேல வெச்சாத்தான் கம்ப்யூட்டரு, வேப்பூர்ல பிரவுசிங் சென்டரை மூடிட்டான் என் சிநேகிதன், அவன்கிட்ட ஒண்ணு கெடக்குது என்றார். நீ அங்கிருந்து, இப்ப யாரு அதெல்லாம் வாங்கறா, கிளவுடு லேப்டாப்புதான், எல்லாம் நெட்லயே இருக்கும், வைரஸ் கிடையாது, சார்ஜ் நாள் முழுக்க நிக்கும் என்று பிரசங்கம் செய்தாய். வடைத் தட்டோடு வந்த சங்கரி ஒரே ஒரு தடவை சொன்னாள். சாதா லேப்டாப்பு போதும், பழசா இருந்தாலும் பரவால்ல, விண்டோஸ் இருக்கணும், மெமரி நெறைய இருக்கணும், அவங்க சாஃப்ட்வேரு அதுலதான் ஏறும் என்று. யாராவது காதில் வாங்கினீர்களா? அவள் அடுப்படிக்குத் திரும்பியதும் நீ சொன்னாய், அவளுக்கு எதுக்குமா அவ்ளோ பெருசு, படம் பாக்கவும் ஃபாரம் ரொப்பவும்தானே, இது போதும் என்று. ஸ்பீக்கரில் இருந்தது உன் வாய், கேட்டது வீடு முழுக்க. அவள் எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றபடி கேட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை, ஒரு ஈடு வடை கருகிப்போனது.

நீ சொன்னபடியே, அங்கே உன்னோடு வேலை பார்க்கிற கார்முகில் லீவுக்கு வந்தபோது அந்த கிளவுடு லேப்டாப்பைக் கொண்டுவந்து கொடுத்தான். சாமானை நான் குறை சொல்லவில்லை. வெற்றிலைப் பெட்டி கனம்கூட இல்லை, உள்ளே காற்றாடி கிடையாது, அதனால் நம் பட்டறை மண் தூசி ஒன்றும் செய்யாது, மூடித் திறந்தால் உடனே வெளிச்சம் வருகிறது. ஆனால் அந்த சாஃப்ட்வேர் அதில் ஏறவில்லை. அவள் சொன்ன அதே விஷயம். நெட் வழியாகவே வரைகிற ஏதோ ஒன்றைப் பார்த்தாள், தகரக் கூரைக்குக் கீழே சிக்னல் வராமல் தெருமுனை வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தாள், அதில் வரைந்ததை கம்பெனி கேட்கிற விதத்தில் அனுப்ப முடியாதாம். உன்னைக் கூப்பிட்டுச் சொன்னதற்கு நீ என்ன சொன்னாய்? கத்துக்கணும்னா எதுலயும் கத்துக்கலாம், சும்மா சாக்கு சொல்லாதே என்றாய். அந்த வார்த்தையைக் கேட்டு எனக்கு உன்மேல் அருவருப்பாகவே இருந்தது வளவா, பெற்றவள் சொல்கிறேன்.

நீ தோற்றதும் உன் மாமாவுக்குக் கொண்டாட்டம். கேட்காமலே ஒரு டேப்லெட்டை வாங்கிவந்து நடு வீட்டில் வைத்து, பாத்தியாக்கா, நான் அப்பவே சொன்னேன் என்றான். சரி, பேனாவால் கையிலேயே வரைந்து பார்க்கலாம் என்று சங்கரி அதைப் பட்டறைக்கு எடுத்துப்போய் ஜாடியின் மூக்கை நாலு விதமாக வரைந்தாள், அழகாகத்தான் இருந்தது. விரலில் இருந்த மண் பட்டு டேப்லெட்டின் முகம் வெள்ளையாகிவிட்டது. நான் அப்போது கிளேஸ் பூச்சில் நனைத்த கப்புகளின் அடியை ஸ்பாஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தேன், துடைக்காமல் வைத்தால் சூளைத் தட்டில் ஒட்டிக்கொள்ளும் என்று உனக்குத்தான் தெரியுமே, வருஷக்கணக்காக என் கைக்கு வந்த வேலை. பக்கத்தில் வெள்ளையாக ஒன்று இருந்தது, எடுத்து அதே ஈர ஸ்பாஞ்சால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டேன். ஸ்பாஞ்சு முழுக்க மண்ணும் மணலுமாக இருந்ததா, கண்ணாடி கோடு கோடாகக் கீறி ஓரத்தில் தண்ணீரும் இறங்கிவிட்டது. என்னைச் சொல்ல வந்துவிட்டார் உன் அப்பா. வந்தவர் அதோடு விட்டாரா? ஈரம்தானே, காயட்டும் என்று இன்னும் சுடாத பச்சைக் கப்பு காயவைக்கிற சூளை மேல் பலகையில் அதைக் கொண்டுபோய் அடுக்கிவிட்டார்! அன்றைக்குச் சூளை எரிந்துகொண்டிருந்தது. சாயங்காலம் போய்ப் பார்த்தால் சுட்ட அப்பளம் மாதிரி முதுகு எழும்பிப்போய் இருக்கிறது. போன் கடைக்காரர், இதைச் சார்ஜில் போட்டுடாதீங்க, வெடிச்சிடும் என்று பத்தடி தள்ளி நின்று சொன்னார். பழமலை அதற்காகக் கோபித்துக்கொண்டு இன்னும் இந்தப் பக்கம் வரவில்லை. வராமலே இருக்கட்டும், அவன் வந்தால் என் வாயில் நல்ல வார்த்தை வராது.

பிறகு அப்பா ஜெயித்தார். வேப்பூரிலிருந்து லாரியில் ஏற்றி அந்தப் பழைய கம்ப்யூட்டர் வந்தது, பெட்டி, டிவி, வயர் எல்லாமாக ஒரு ஆள் சுமை. உண்மையைச் சொன்னால் அதில்தான் சாஃப்ட்வேர் ஏறியது. சங்கரி முகத்தில் அன்றைக்குத்தான் சிரிப்பைப் பார்த்தேன். அதை வீட்டுக்குள் வைக்கலாம்பா, தூசி ஆகாது என்றாள். உன் அப்பா கேட்டால்தானே, வேலை எங்கயோ கம்ப்யூட்டரும் அங்கதான் என்று பட்டறையில் பேக்கிங் மேசை மேல் வைத்துவிட்டார். அதற்குள் காற்றாடி உண்டு, வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். நம் பட்டறையில் காற்று எங்கே இருக்கிறது, மாவு மாவாய்ப் பறக்கிற மண்தானே இருக்கிறது. புதன்கிழமை பாதி வரைந்துகொண்டிருக்கும்போது பம்புசெட் மாதிரி கத்திவிட்டு அணைந்துவிட்டது. அன்றைக்குப் போட்ட வேலை எல்லாம் போச்சு. அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். திருப்புளியை எடுத்துப் பெட்டியைத் திறந்து, புது பிரஷ் ஒன்றால் மண்ணைத் தட்டித் தட்டி எடுத்தாள், அதற்கு மறுபடி உயிர் வந்தது. நான் உன் அப்பாவை ஒரு பார்வை பார்த்தேன், அவர் டீ குடிக்கப் போகிறவர் போல வெளியே போய்விட்டார்.

நம் வீட்டில் தூசி நுழையாத இடம் ஒன்றே ஒன்றுதான், சாமி அறை. எப்போதும் கதவு சாத்தியிருக்கும், காலையும் மாலையும் நான் ஈரத்துணி போட்டுத் துடைக்கிறேன். அங்கே கொண்டு வை என்று நான்தான் சொன்னேன். விளக்கை ஓரமாக நகர்த்தி, அம்மன் படத்துக்குக் கீழே கம்ப்யூட்டர் உட்கார்ந்தது. அதற்கு இரண்டாம் நாள் ஆடி மூன்றாம் வெள்ளி, படம் அனுப்பக் கடைசி நாள். காலையில் குளித்துவிட்டு நான் சாம்பிராணித் தட்டோடு போனால், அம்மா, புகை வேணாம்மா, காத்தாடி இழுத்துக்கும் என்கிறாள். ஆடி வெள்ளிக்குச் சாம்பிராணி போடாத வீடு இந்தத் தெருவிலேயே நம் வீடுதான். கற்பூரமும் ஏற்றவில்லை. பக்கத்து வீட்டு அம்புஜவல்லி, என்னக்கா, பூஜை ரூமுல மிஷின் ஓடுது என்று மூக்கை நுழைத்தாள், வேலைக்குப் பூஜை போடறோம் போ என்று கதவைச் சாத்தினேன். சங்கரியின் முதுகுக்குப் பின்னால் நின்று கையை மட்டும் கூப்பிக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். யாரையும் உள்ளே விடவில்லை, உன் போன் வந்தபோதும் அவளிடம் கொடுக்கவில்லை. பொழுது சாய்கிற நேரத்துக்குப் படம் போய்விட்டது என்றாள். பசிக்குதும்மா என்றாள். அதற்கப்புறம்தான் அம்மனுக்குக் கூழே ஊற்றினேன்.

வேலை கிடைத்த சேதியைத்தான் அவளே உனக்கு மெசேஜில் போட்டாளே. நீ கட்டை விரல் படம் ஒன்றை அனுப்பினாய், அவ்வளவுதான். அதைக்கூட எனக்குக் காட்டினாள். போன வாரம் ரயில் ஏறிவிட்டாள். அங்கே அவர்களே நல்ல கம்ப்யூட்டர் கொடுத்திருக்கிறார்களாம், ஹாஸ்டலில் சப்பாத்திதானாம், உருளைக்கிழங்கு இல்லாத நாளே இல்லையாம். போகிற அன்று நீ அனுப்பிய லேப்டாப்பைத் துடைத்து உறை போட்டு என் கையில் கொடுத்தாள். அண்ணன் நல்லதாத்தான் வாங்கி அனுப்பினாரு, நீ சீரியல் பாரு, என்னோட பேசறதுக்கும் இதுலயே வசதி என்றாள். அவள் உன்னைக் குறையாக ஒரு சொல் சொல்லவில்லை, அதனால்தான் நான் சொல்லவேண்டியிருக்கிறது. அந்த லேப்டாப் எனக்கு ரொம்பப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. சாமானில் குற்றமில்லை. யாருக்கு வாங்குகிறோம், அவள் என்ன செய்யப் போகிறாள் என்று ஒரு வார்த்தை கேட்காமல், இவளுக்கு இது போதும் என்று அளந்தாயே, அந்த அளவில்தான் குற்றம். ஜெயஸ்ரீக்கும் இப்படித்தான் அளக்கிறாயா என்று அவளையே கேட்டு எனக்கு எழுதச் சொல்.

அப்பா அந்தக் கம்ப்யூட்டரை மறுபடி பட்டறைக்குத் தூக்கப் பார்த்தார். சங்கரி தீபாவளிக்கு வரும்வரை அது சாமி அறையை விட்டு நகரக் கூடாது என்று சொல்லிவிட்டேன். தினமும் அதையும் சேர்த்துத்தான் துடைக்கிறேன், உலர்ந்த துணியால்தான், பயப்படாதே.

லீவு முடிந்து கார்முகில் வருகிறான், அவன் கையில் ஒரு பொட்டலம் கொடுத்திருக்கிறேன். வைக்கோல் சுற்றியிருக்கிறது, மெதுவாகப் பிரி. அவள் அன்றைக்கு வரைந்த ஜாடிதான், படத்தைப் பார்த்து அப்பாவே அச்சு எடுத்து ஊற்றி நம் சூளையில் சுட்டது. இங்கே இருப்பது ஒன்று, உனக்கு ஒன்று. குளிருக்கு ஜெயஸ்ரீக்கு இஞ்சி டீ போட்டுக் கொடு, நீயே போடு. உங்கள் இருவருக்கும் எல்லா நலமும் கிடைத்து நீண்ட ஆயுளோடு வாழ அப்பாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். தலைக்கு எண்ணெய் வைக்க மறக்காதே.

அந்த ஜாடியில் டீ ஊற்றிப் பார். மூக்கில் ஒரு சொட்டாவது நிற்கிறதா என்று குனிந்து பார். பார்த்துவிட்டு, உன் தங்கைக்கு எது போதும் என்று எனக்கு எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா
கொ. செல்வநாயகி