வியாழக்கிழமை ஓவர்டைம்

மார்ச் 4, செவ்வாய்

இன்று பொய்ப்பல் மேல்தாடை செட் மூன்று, கீழ்த்தாடை ஒன்று. மெழுகில் பல் அடுக்கிக்கொண்டிருந்தபோது லேப் ரேடியோவில் வழக்கம்போல் ஒருவர் அழுதுகொண்டே பாடினார். மூன்று வருடமாக இந்த ஊர் பாஷையில் யாரோ அழுகிறார்கள். எதற்கென்று இன்னும் புரிந்தபாடில்லை. டாக்சியில் அழுகை, காய்கறிக் கடையில் அழுகை. வீட்டுக்கு வந்தால் இவர் தமிழ்ப் பாட்டு போட்டிருப்பார். அது எனக்கும் பிடிக்கும்தான். ஆனால் எனக்கென்று ஒன்று இருந்ததே - ஹாஸ்டலில் ஆறு பேர் ஒரு டேப்ரிக்கார்டரைச் சுற்றிக் குதித்துக்கொண்டு, இங்கிலீஷ் பாட்டில் புரியாத இடத்துக்கெல்லாம் நாங்களே வார்த்தை போட்டுக் கத்தியது. அந்தப் பாட்டெல்லாம் போனில் இருக்கிறது. காதில் மாட்டிக் கேட்கலாம். கேட்பது வேறு, நாலு பேர் நடுவில் ஆடுவது வேறு. முப்பத்தேழு வயதில் இதெல்லாம் ஒரு கவலையா? கவலைதான்.

சின்னவள் இன்றும் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அரைமணி நேரம். என் கொழுந்தனுக்கு வேறு ஊரில் ஆறு மாத வேலை. அது முடியும்வரை அவன் மனைவி, என் ஓரகத்தி இந்தச் சின்னவள், எங்களோடு. ராத்திரி எட்டானால் மாமியாருக்குப் போன். "அக்கா இப்பதான் வந்தாங்க அத்தை." வீட்டுக்குள்ளேயே ஒரு சிஐடி.

மார்ச் 8, சனி

சாமான் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, வாசலில் 'இங்கிலீஷ் இசை' என்று பலகை வைத்த ஓர் இடத்துக்குப் போனேன். எனக்குத் தெரிந்த மெட்டு! நெஞ்சு துள்ளியது. வாயைத் திறந்து இங்கிலீஷில் பாடினேன். மொத்தக் கூட்டமும் திரும்பிப் பார்த்தது. மெட்டு மட்டும்தான் இங்கிலீஷாம், வார்த்தையெல்லாம் இந்த ஊர் பாஷை. அதிலும் அழுகிறார்கள்! வெங்காயம் வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

மார்ச் 13, வியாழன்

எழுத்தெல்லாம் கோணல்மாணலாகப் போகிறது. சந்தோஷத்தில்.

பல் டாக்டர் ஒருவருக்கு அவசரமாக ஒரு செட் கொண்டுபோனேன். சாயங்காலம் ஆறரை, மூன்றாம் மாடி. வரவேற்பு மேசைமேல் பிளாஸ்டர் மாதிரியை வைத்தேன். அது தானாக நகர்ந்தது. டம், டம், டம். கூரையிலிருந்து வருகிறது. கூர்ந்து கேட்டேன். அடிப் பாவி - எனக்கு அந்த பேஸ் அதிர்வு தெரியும்! இரண்டாம் வருடப் பரீட்சைக்கு முதல்நாள் ராத்திரி வார்டன் பிடுங்கிக்கொண்டு போன கேசட்டின் முதல் பாட்டு!

"மேலே என்ன?" என்றேன். வரவேற்புப் பெண் தலையில் கைவைத்துக்கொண்டு, "வியாழக்கிழமைப் பைத்தியங்கள்" என்றாள்.

படியேறிப் போய்க் கதவின் சதுரக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பெரிய கூடம். முப்பது நாற்பது பேர். நரைத்தவர், தொப்பை உள்ளவர், கர்ப்பிணி ஒருத்தி. எல்லாரும் ஆடுகிறார்கள். ஒருவரும் அழவில்லை.

மார்ச் 14, வெள்ளி

காலால் தாளம் போட்டபடியே ஒரு கடைவாய்ப் பல்லைத் தலைகீழாக வைத்துவிட்டேன்.

மார்ச் 20, வியாழன்

போனேன்!!

வீட்டில் சொன்னது: ஓவர்டைம். இவர் சந்தேகமே படவில்லை. லிஃப்ட் மெக்கானிக், காலை நாலு மணிக்கு வேலைக்குக் கிளம்பவேண்டும், எட்டு மணிக்கெல்லாம் குறட்டை. "பார்த்து வா" என்றார், அவ்வளவுதான். எனக்குத்தான் முகம் சூடாகிவிட்டது.

பாட்டு போடுகிறவர் பகலில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். இங்கிலீஷ் பேசவே வராது. பாட்டில் வருகிற இங்கிலீஷ் மட்டும்தான் தெரியும். யாரோ கிளாஸைப் போட்டு உடைத்ததும் மைக்கில், "என் இதயத்தை உடைத்துவிட்டாயே!" நான் ஒன்பதே காலுக்குப் பஸ்ஸுக்காகக் கிளம்பியபோது கையைப் பிடித்துக் குலுக்கி, "என்னைத் தனியாக விட்டுப் போகாதே, கண்ணே" என்றார். பக்கத்திலிருந்த அவர் மனைவி எனக்கு டாட்டா காட்டினாள்.

ஆடினேன். ஐயோ, எப்படி ஆடினேன்! முதல் பாட்டில் தோள் மட்டும். இரண்டாவதில் இடுப்பு வரை. மூன்றாவதில் நான் எங்கே, என் கைப்பை எங்கே என்றே தெரியவில்லை. வார்த்தைகளெல்லாம் நெஞ்சுக்குள் அப்படியே இருந்தன, நாங்கள் போட்ட தப்பான வார்த்தைகள் உட்பட. பாடிய வாய்களையெல்லாம் பார்த்தேன். மூவருக்குப் பொய்ப்பல். அதில் ஒன்று என் கைவேலை. கழலவில்லை! பெருமை தாங்கவில்லை.

மார்ச் 21, வெள்ளி

நுழையும்போது மணிக்கட்டில் மூக்குக்கண்ணாடி படம் போட்ட நீல முத்திரை குத்துகிறார்கள். தேய்த்துத் தேய்த்துத் தோல் சிவந்ததுதான் மிச்சம். காபி ஆற்றும்போது சின்னவள் கண்ணில் பட்டுவிட்டது.

"கையில என்னக்கா?"

"லேப் மை."

"கண்ணாடி மாதிரி இருக்கு."

"லேப்ல கண்ணாடி போட்டுட்டுதானே வேலை பார்க்கிறோம்."

என்ன பதில் இது? அவள் காபியைக் குடித்துக்கொண்டே என் மணிக்கட்டையே பார்த்தாள். அதுதான் பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 3, வியாழன்

மூன்றாவது ஓவர்டைம். முழங்கால் வலி, மூச்சிரைப்பு, சொர்க்கம்.

ஏப்ரல் 10, வியாழன்

வரிசையாக எழுதிவிடவேண்டும், இல்லையென்றால் நாளைக்கு நானே நம்பமாட்டேன்.

இரண்டு கையையும் தூக்கிச் சுழன்று திரும்புகிறேன் - வாசலில் சின்னவள். டிபன் பாக்ஸை மார்போடு அணைத்தபடி. பாட்டு அதுபாட்டுக்கு ஓடுகிறது, என் கை இறங்க மறுக்கிறது.

வெளியே இழுத்துக்கொண்டு போனேன். "என்னை வேவு பார்க்கத்தான் வந்தியா? போ, போய் அத்தைகிட்ட சொல்லு. இப்பவே போன் போடு!"

அவள் கண் நிறைந்துவிட்டது. "ஓவர்டைம்னா பசிக்குமேன்னு லேபுக்குச் சாப்பாடு கொண்டுவந்தேன்க்கா. நீங்க வேற டிரெஸ்ல பஸ் ஏறினீங்க. ஏதோ கஷ்டமோன்னு பயந்து நானும் பின்னாடி ஏறிட்டேன்."

"தினம் அத்தைகிட்ட ஒப்பிக்கிறியே, அது?"

"வேற யாருகிட்டக்கா பேசுறது? அவரு அங்க. மாமா தூங்கிடறாரு. நீங்க என்கிட்ட தண்ணியை மூடு, லைட்டை அணைன்னு மட்டும்தான் பேசுறீங்க."

எனக்குச் சுருக்கென்றது. "அவ்வளவு நேரம் குழாயைத் திறந்துவிட்டா..."

"அழுறது வெளிய கேக்கக்கூடாதுன்னுதான்க்கா."

அவள் வந்து மூன்று மாதம். பல்லுக்குப் பல் இடைவெளி மில்லிமீட்டரில் பார்க்கிறவள் நான். பக்கத்து அறையில் ஒருத்தி அழுதது தெரியவில்லை.

அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனேன். "எனக்கு ஒரு பாட்டும் தெரியாதேக்கா." "இங்க யாருக்குத் தெரியும்? வாயைத் திற, வர்றதைக் கத்து."

டிபன் பாக்ஸை ஸ்பீக்கர்மேல் வைத்தாள். அது மூடியைத் தட்டிக்கொண்டு தனியாக ஆடியது. அவள் முதலில் அதைப் பார்த்துச் சிரித்தாள். அப்புறம் ஆடினாள் பாருங்கள் - அடேயப்பா! கர்ப்பிணி ஒதுங்கி நின்று கைதட்டினாள். கண்ணாடிக்காரர் மைக்கில், "இந்த ராத்திரி முடியவே கூடாது!" என்றார். திரும்பும்போது பஸ்ஸில் இருவரும் ஒரே ஸ்பூனால் டிபன் பாக்ஸைக் காலி செய்தோம்.

ஏப்ரல் 11, வெள்ளி

எட்டு மணி போன். காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். "ஆமா அத்தை, அக்காவுக்கு வியாழக்கிழமை ஓவர்டைம். இனிமே துணைக்கு நானும் போறேன்." என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். சிஐடி என் கட்சிக்கு மாறிவிட்டாள்.

ஏப்ரல் 22, செவ்வாய்

இந்த வாரம் இவருக்கு அவசர டியூட்டி. எங்கே லிஃப்ட் நின்றாலும், எந்த நேரமானாலும் ஓடவேண்டும். பாவம்.

ஏப்ரல் 24, வியாழன்

மாட்டிக்கொண்டோம். நிஜமாகவே மாட்டிக்கொண்டோம்.

ஏழு மணி. நாலாம் மாடிக்குப் போகும் லிஃப்ட்டில் நானும் சின்னவளும், இன்னும் ஐந்து பேரும். மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் நின்றுவிட்டது. மேலே பாட்டு கேட்கிறது. யாரோ பாட ஆரம்பித்தார்கள். ஏழு பேரும் நின்ற இடத்திலேயே ஆடினோம். சின்னவள் என் கன்னத்தில் மினுமினுப்புப் பொடி தடவிவிட்டாள். முக்கால் மணி நேரம் போனதே தெரியவில்லை.

கதவு இரண்டு ஜாண் திறந்தது. மேல்தளத்தில் யாரோ மண்டியிட்டு டார்ச் அடித்தார்கள். வெளிச்சம் ஒவ்வொரு முகமாக வந்து என்னிடம் நின்றது. சின்னவளிடம் போனது. மறுபடி என்னிடம்.

"ரெண்டு பேருமா?"

இவர்.

உலகத்தில் வேறு மெக்கானிக்கே இல்லையா?

அந்த மனுஷர் முதலில் வேலையைத்தான் பார்த்தார். எல்லாரையும் ஒவ்வொருவராகக் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். கடைசியில் நான். என் கையைப் பிடித்தபடியே, மெதுவாக, "ஓவர்டைம் எத்தனை மணிக்கு முடியும்?" என்றார். உள்ளே பாட்டு அதிர்கிறது. எங்கள் கால்கள் ஆடவில்லை. இவருடைய கம்பெனி வேனில் மூவரும் வீடு வந்து சேர்ந்தோம்.

ஏப்ரல் 25, வெள்ளி

இவர் சாப்பிட்டார், தட்டைக் கழுவினார், படுத்தார். திட்டினாலாவது தேவலை.

ஏப்ரல் 27, ஞாயிறு

துணி மடித்துக்கொண்டிருந்தபோது தானாகவே கேட்டார். "சொல்லியிருந்தா நான் என்ன, தடுத்திருப்பேனா?"

"தடுத்திருக்க மாட்டீங்க. சிரிச்சிருப்பீங்க."

"நானா?"

"கல்யாணமான புதுசுல நான் குளிக்கும்போது இங்கிலீஷ் பாட்டு பாடினேன்ல? அதை உங்க தங்கச்சி வளைகாப்புல அத்தனை பேர் முன்னாடி நடிச்சுக் காட்டினீங்க. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அன்னையிலருந்து வீட்ல பாடலை."

யோசித்தார். அவருக்கு ஞாபகமே இல்லை. அது இன்னும் வலித்தது. பதினோரு வருடமாக நான் வாயை மூடிக்கொண்டதற்குக் காரணமானவருக்கு, மூடியதே தெரியாது.

ஆனால் நானும் ஐந்து வாரம் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னேனே? அதையும் சொன்னேன். "தப்புதாங்க. நீங்க 'பார்த்து வா'ன்னு சொல்லும்போதெல்லாம் எனக்கு என்னவோ பண்ணும்."

மடித்த சட்டையையே மறுபடி மடித்துக்கொண்டு, "வேடிக்கைன்னு நினைச்சுதான் பண்ணியிருப்பேன். தப்பு" என்றார். இவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை இதற்குமுன் கேட்டதில்லை. ஆளுக்கொரு போர்வை நுனியைப் பிடித்து உதறி மடித்தோம்.

மே 1, வியாழன்

போகவில்லை. போகக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. கால் எழவில்லை, அவ்வளவுதான்.

மே 8, வியாழன்

சாயங்காலம் சின்னவள் என் அறை வாசலில் ஷூவோடு நின்றாள். "கிளம்புங்கக்கா, வெளிய லைட்டா மழை." உடை மாற்றிக்கொண்டேன். இவர் சமையலறையில் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தார். போயிட்டு வரேன் என்று சொல்ல வாயெடுக்கும்போது போன் அடித்தது. மாமியார், இன்று சீக்கிரமாகவே. கையில் கரண்டி இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார்.

"மருமகளுங்க எங்கடா? ஓவர்டைமா?"

நான் செருப்பு வாரைப் பிடித்தபடி குனிந்தே நின்றேன்.

"இல்லம்மா. ஓவர்டைம் எல்லாம் இல்ல. ஆடப் போறாங்க."

"என்னது?"

"டான்ஸ் ஆட. இங்கிலீஷ் பாட்டுக்கு. வாரா வாரம் போவாங்க."

சின்னவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். குழம்பு கொதித்துத் தெறித்தது.

"ராத்திரி நேரமாச்சேடா. நீ போய்ப் பத்திரமா கூட்டிட்டு வா."

இவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். அடுப்பைத் தணித்தார்.

"அவங்களே வந்துடுவாங்கம்மா."