சேர்ந்து போடாத ஓட்டுகள்

ஏப்ரல் 2

அன்புள்ள டிரைவருக்கு,

இங்கே இருவரும் நலம். உன் வீட்டுக்காரிக்கு, அதான் என் தங்கச்சிக்கு, முழங்கால் வலி குறைந்ததா? நீ மகள் வீட்டோடு தங்கப் போய்விட்ட பிறகு கேரம் பலகை சுவரில் சாய்ந்தே நிற்கிறது.

தேர்தல் வருகிறது. நீ அந்தக் கட்சி, நான் இந்தக் கட்சி. உன் ஒரு ஓட்டை என் ஒரு ஓட்டு அடித்துவிட்டால் மிச்சம் பூஜ்யம். எதற்கு வெயிலில் நிற்க வேண்டும் என்று ஒவ்வொரு தேர்தலன்றும் கேரம் ஆடியே கழித்தோம். உண்மையில் ஒருவரையொருவர் காவல் காத்தோம். நீ வாசல் பக்கம் போனாலே "எங்கடா நழுவுற?" என்பேன்.

இப்போது பார், இரண்டு கட்சியும் கூட்டணியாம், உன் தலைவரும் என் தலைவரும் ஒரே மாலைக்குள்! ஒருவரையொருவர் திட்டி எழுதிய சுவரின் மேலேயே இருவர் படமும் சிரிக்கிறது. இனி ஒன்றும் ஒன்றும் இரண்டு. நீ அங்கே போடு, நான் இங்கே போடுகிறேன். சரிதானே?

உன்,
வாத்தியார்

ஏப்ரல் 9

என் வாத்தியாருக்கு,

அவளுக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டது. வாய்தான் குறையவில்லை.

நீ சொன்னது சரியில்லை. பஸ்ஸின் பலகையை நடுவழியில் மாற்றிவிட்டு "உட்காருங்க, போகலாம்" என்றால் ஏறியவன் இறங்க மாட்டானா? அப்பா அந்தக் கட்சி, தெருவே அந்தக் கட்சி, அதனால் நானும். இந்த வீட்டிலோ மகள் ஒரு கட்சி, மருமகன் ஒன்று, பேத்தி நேற்று முளைத்த கட்சி. சாப்பிடும்போது அப்படியொரு சண்டை. கை கழுவியதும் சேர்ந்து டிவி பார்க்கிறார்கள். நான்தான் ஆச்சரியத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

இந்த முறை நானே யோசித்துப் போடப் போகிறேன். யாருக்கு என்று கேட்காதே. கேட்டால் பதில் எழுத மாட்டேன்.

டிரைவர்

ஏப்ரல் 24

அன்புள்ள டிரைவருக்கு,

உன் கடிதம் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எதிர்க்கட்சிக்காரனாக இருந்தவரை உன்னை முழுசாகத் தெரியும் என்றிருந்தேன். இனி எழுதவே வேண்டாம் என்றுகூட நினைத்தேன்.

நேற்று ஓட்டுப் போட்டேன். வரிசையில் எனக்கு முன்னால் காய்கறிக்காரம்மா, பின்னால் பல் டாக்டர். முன்பு தெருவைச் சொன்னால் கட்சியைச் சொல்லிவிடலாம். நேற்று ஒரு முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. இத்தனை பேரும் எதையோ மனதில் மூடி வைத்துக்கொண்டு அவ்வளவு அமைதியாக நிற்கிறார்கள்! அட்டை மறைப்புக்குள் போனதும் நானும் மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படித்துப் பார்த்த பிறகே பட்டனை அழுத்தினேன்.

திரும்பி வரும்போது மனைவியிடம் கேட்டேன்.

"நம்ம கட்சிக்குத்தானே போட்ட?"

"எது நம்ம கட்சி?"

"அப்ப, இத்தனை வருஷமா?"

"நீங்க ரெண்டு பேரும் கேரம் ஆடிக்கிட்டு இருப்பீங்க. நானும் டிரைவர் வீட்டு அண்ணியும் சேர்ந்து போய்ப் போட்டுட்டு வருவோம்."

"தங்கச்சி யாருக்குப் போடும்?"

"யாருக்குத் தெரியும்? நான் கேட்டதில்ல, அவங்களும் கேட்டதில்ல. வர்ற வழியில பேச வேற விஷயமா இல்ல?"

நான் நடுத்தெருவில் நின்றுவிட்டேன். நாம் ஆடிய வீட்டின் வாசல் வழியாகத்தான் இருவரும் ஒரே குடையில் போய் வந்தார்கள். நாம் பலகையை விட்டுத் தலை நிமிர்த்தவே இல்லையே, டிரைவரே!

"என்ன, வெயில் தலைக்கேறிடுச்சா?" என்று கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

யாருக்குப் போட்டாய் என்று நான் கேட்கப் போவதில்லை. தங்கச்சியை நீயும் கேட்காதே. ஞாயிற்றுக்கிழமை அங்கே வருகிறோம். பேச வேறு என்ன இருக்கிறது என்று யோசித்து வை.

உன்,
வாத்தியார்