முள்ளு ரப்பர் மட்டை

உன் மகள் நேற்று லாரிக்காரரிடம் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பியிருந்தாள். பிரிப்பதற்கு முன்பே வாசனை சொல்லிவிட்டது. காய்ந்த ரப்பர், பழைய பசை, கொஞ்சம் தேயிலைத் தூள். உன் மேசைப்பந்து மட்டை. கைப்பிடியில் நீ சுற்றிய சேலைக் கிழிசல்கூட அப்படியே இருக்கிறது. கூடவே ஒரு சீட்டு: "அத்தை, அம்மா இத உங்ககிட்டதான் குடுக்கச் சொன்னாங்க. ரப்பர் கல்லு மாதிரி ஆயிருச்சு. தானா ராத்தா டவுனுல ஒரு கடையில உரிச்சிட்டுப் புதுசு ஒட்டித் தர்றாங்க. சொன்னீங்கன்னா செஞ்சிரலாம்."

நீ கண்ணை மூடி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் உன் மட்டையின் தோலை உரிக்க வேண்டுமாம். நல்ல பிள்ளைதான், தெரியாமல் கேட்டுவிட்டாள். தெரிந்தவர்களில் நான் ஒருத்திதான் மிச்சம் என்பதால் உனக்கே எழுதுகிறேன்.

மலாயாவின் அவசரகாலம் என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் துப்பாக்கிதான் நினைவுக்கு வருகிறது. எனக்கு நினைவு வருவது கேட்டில் நின்ற சோதனைக்காரி. நாம் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளைச் சுற்றி முள்வேலி போட்டு, ஆறு மணிக்கு ஊரடங்கு வைத்து, காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி அரிசி போய்விடக்கூடாது என்று நம் மடியையும் கூடையையும் தினமும் தடவினார்கள். மலைமேல் கொழுந்து பறிக்கப் போகும்போது ஒரு வாய்ச் சோறுகூடக் கொண்டுபோக முடியாது. வெறும் வயிற்றோடு பறித்தோம். வேலிக்குள் அடைபட்ட ஜனங்கள் பொழுதுபோக்கட்டும் என்று தோட்டத்து வெள்ளைக்காரத் துரை நம் பொதுக்கூடத்துக்கு ஒரு மேசைப்பந்து மேசை வாங்கிப் போட்டார். ஆண்கள் ஆடினார்கள், நாம் வேடிக்கை பார்த்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ எழுந்து போய் மட்டையைக் கேட்டாய். மூன்று மாதத்தில் லயத்தில் உன்னை ஜெயிக்க ஆள் இல்லை. கொழுந்து பறித்த மணிக்கட்டு, வேறென்ன!

தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதிய பெரிய கிராணிக்கு அது பொறுக்கவில்லை. லயத்து ஆட்களுக்கு எதற்கு மேசை, ஆபீஸ்காரர்களின் கிளப்புக்குக் கொண்டுபோகலாம் என்று துரையிடம் கேட்டார். ஆடிப் பார்த்துக்கொள்ளுங்கள், ஜெயிப்பவர் வைத்துக்கொள்ளட்டும் என்று துரை சொல்லிவிட்டார். நம் பக்கம் ஆடப்போவது நீ என்றதும் கிராணி சிரித்தாராம். அவருக்கு ஈப்போ பட்டணத்திலிருந்து புது மட்டை வந்திருந்தது: உள்ளே ஸ்பாஞ்சு, மேலே கண்ணாடி போல வழவழப்பான ரப்பர். பந்து பட்டால் சத்தமே கேட்காது, ஆனால் பாம்பு போலச் சுழன்று வரும். உன்னிடம் இருந்ததோ இந்தப் பழைய முள்ளு ரப்பர், பலாத்தோல் மாதிரி.

பயந்தது நான்தான். யார் யாரையோ பிடித்து உனக்கும் ஒரு ஸ்பாஞ்சு மட்டை வரவழைத்தேன். கேட்டில் சோதனைக்காரி அதை அமுக்கிப் பார்த்தாள். மெத்தென்று இருந்ததால் உள்ளே அரிசி இருக்கிறதா என்று கத்தியால் கீறிவிட்டாள். ஸ்பாஞ்சு பிளந்து தொங்கியது. கிராணியின் பையை எந்தக் கேட்டிலும் யாரும் திறந்ததில்லை, அது உனக்கும் தெரியும்.

விஷயம் கிராணியின் காதுக்குப் போனது. எடை போடும் இடத்துக்கே வந்து, எல்லார் முன்னாலும் தன்னிடம் இருந்த இன்னொரு ஸ்பாஞ்சு மட்டையை நீட்டினார்.

"இந்தா, இதுல ஆடு. அப்புறம் மட்ட சரியில்ல, அதான் தோத்தேன்னு அழக்கூடாது."

"வேணாங்க சார். எங்கிட்ட இருக்கு."

"அது பழசு லா."

"கையும் பழசுதாங்க சார். ஆட்டத்த மட்டும் மூணு மணிக்கு வச்சுக்குவோம்."

உன் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வழியெல்லாம் திட்டினேன். மேசை போய்விட்டால் லயமே உன்னைத்தான் ஏசும் என்றேன். நீ கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாய்: "அவரு மட்டையில ஜெயிச்சா, அது அவரு ஜெயிச்சதுடீ."

ஆட்டத்தன்று கூடத்தில் நிற்க இடமில்லை. முதல் ஆட்டம் பார்க்கவே முடியவில்லை. இருபத்தொன்றுக்கு ஒன்பது என்று தோற்றாய். அவர் அடித்த பந்து மேசையில் பட்டு எந்தப் பக்கம் திரும்பியது என்றே தெரியவில்லை. இரண்டாவது தொடங்கும்போது, அந்த மாதத்தில் தினமும் வருவதுபோல, பள்ளத்திலிருந்து பனி ஏறி ஜன்னல் வழியாகக் கூடத்துக்குள் நுழைந்தது. மேசை ஈரத்தில் மினுமினுத்தது. உனக்குக் குளிருமே, பந்து தெரியாதே என்று நான் ஓடிப்போய் ஜன்னல் கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்தினேன். நல்லது செய்கிறேன் என்ற நினைப்பு எனக்கு.

"ஏய், தொறடி அத!"

அதற்கு முன்னும் பின்னும் நீ என்னிடம் அப்படிக் கத்தியதில்லை. சாத்தியதையெல்லாம் மறுபடி திறக்க ஓடினேன். நீ பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு, நான் கடைசிக் கதவையும் திறக்கும்வரை போடாமல் காத்திருந்தாய். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஈரம் பட்ட தளிர் விரலில் நிற்காமல் வழுக்கும், முரட்டு இலை பிடிகொடுக்கும். இதைத் தினமும் விரலால் அறிந்திருந்தும் எனக்குத் தோன்றவில்லை, உனக்குத் தோன்றியது.

கிராணியின் கண்ணாடி ரப்பரில் பந்து வழுக்கி வலையில் விழுந்தது. கைக்குட்டையால் துடைத்தார், மறுபடி விழுந்தது. "யானைக்கும் அடி சறுக்கும்" என்று பின்னாலிருந்து யாரோ முனகினார்கள். உன் முள்ளு ரப்பர் மட்டும் டொக், டொக் என்று ஒரே சத்தத்தில் பந்தைத் திருப்பிக்கொண்டே இருந்தது. இரண்டாவது ஆட்டம் உனக்கு. மூன்றாவதும் உனக்கு, இருபத்தொன்றுக்குப் பதினெட்டு.

கிராணி மட்டையை உறைக்குள் வைத்தபடி, "பனி இல்லன்னா நாந்தான் ஜெயிச்சிருப்பேன்" என்றார்.

"பனியிலதாங்க சார் நாங்க தினமும் நிக்கிறோம்" என்றாய் நீ. குரலை உயர்த்தவில்லை. கூடத்தில் ஒருவரும் கைதட்டவும் இல்லை, அவர் வெளியே போக வழி மட்டும் விட்டார்கள். ஊரடங்குக்கு இன்னும் நேரம் இருந்தது. மேசையைத் துடைத்துவிட்டு என்னை ஆட இழுத்தாய். ஏழு புள்ளிகூட எடுக்க விடவில்லை.

அந்த மேசை எப்போதோ உளுத்துப்போய்விட்டது. வேலியும் போனது. என் மகன் போன வருடம் இந்த வீட்டுக்குக் கண்ணாடி ஜன்னல் போட்டுக் கொடுத்தான். "நெஞ்சு சளிம்மா, மூடியே வைங்க. இல்லன்னா ஈப்போவுக்கு வந்துருங்க" என்று வாரம் தவறாமல் சொல்கிறான். நல்ல பிள்ளைகளுக்கு என்ன குறைச்சல், ஆளுக்கு ஒன்றை மூடவும் உரிக்கவும் வருகிறார்கள். நான் ஈப்போவுக்குப் போகப்போவதில்லை. உன் மகளுக்கு இன்று காலையே பதில் எழுதிவிட்டேன், ரப்பர் அப்படியே இருக்கட்டும் என்று.

இப்போது மணி மூன்று. பள்ளத்தில் பனி ஏறத் தொடங்கிவிட்டது. மட்டை என் மடியில் இருக்கிறது, முள்ளெல்லாம் இன்னும் விரலுக்குத் தட்டுப்படுகிறது. எழுந்து போய் ஜன்னல்களைத் திறந்துவிட்டேன், கடைசிக் கதவுவரை.