ஒரே பட்டி, ஒரே மருந்து

கோவில்பட்டி
புதன்கிழமை

அன்புள்ள நந்தகோபால் அண்ணனுக்கு, பாமா எழுதுவது.

நேற்று திருநெல்வேலியில் நரம்பு டாக்டர் கேட்ட ஒரு கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. நம் தங்கை சந்தனமாரியைப் பார்த்துவிட்டு, இவளுக்கு வேறு ஏதாவது மாத்திரை கொடுத்தீர்களா என்று கேட்டார். அம்மா இல்லை என்றாள். மேசைக்கு அடியில் என் கையைப் பிடித்து அழுத்தினாள். பத்து நாளாக அவளுக்கு உன் மாத்திரையைக் கொடுத்து வருகிறோம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

போனில் பேசினால் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்வாள். அதனால்தான் கடிதம். நாக்பூர் குளிரில் கம்பளியோடு உட்கார்ந்து நிதானமாகப் படி.

உனக்குப் பாதிதான் தெரியும். போன மாதம் பள்ளிக்கூட மைதானத்தில் ஹாக்கிப் பயிற்சியின்போது சந்தனம் அடித்த பந்து எழும்பிப் போய் அவள் தோழி செல்வமாரியின் வாயில் பட்டது. முன்பல் இரண்டு போயிற்று. யாரும் இவளைத் திட்டவில்லை. இவளும் அழவில்லை. ஒன்பதாம் நாள் காலை, பள்ளியில் வரிசையில் நிற்கும்போது வலது கை தானாகத் தூக்கி வீசியிருக்கிறது, மட்டையைச் சுழற்றுவது போல. அன்று மட்டும் நாற்பது முறைக்கு மேல். மறுநாள் கூடவே "ஹா" என்று ஒரு சத்தமும் வந்தது.

அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. உன் பழைய மருந்துச் சீட்டை ரேஷன் கார்டோடு சேர்த்து லேமினேட் செய்து வைத்திருக்கிறாள், தெரியுமா உனக்கு? உன் பத்தொன்பதாம் வயதில் எழுதிய சீட்டு. அதைக் காட்டிக் கடையில் வாங்கி வந்தாள். டாக்டரிடம் கேட்கலாமே அம்மா என்றேன். "ஒரு ஆட்டுக்கு நோவு கண்டா பட்டி முழுக்க மருந்து ஊத்துதோம்லா? ரெண்டும் ஒரே பட்டிக் குட்டிதானட்டி, மருந்து மட்டும் வேறயா இருக்கும்?" என்றாள். அப்பா ஆடுகளை வயலில் கிடை மறிக்கக் கயத்தாறு பக்கம் போயிருக்கிறார். இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்.

ஆனால் உனக்கு வந்தது இப்படியா வந்தது? ஆறு வயதில் கண் சிமிட்டல். அடுத்த வருஷம் மூக்கைச் சுருக்குவது. அப்புறம் தொண்டையைச் செருமுவது. கோடை விடுமுறையில் காணாமல் போய், பள்ளி திறந்ததும் திரும்பி வரும். ஒவ்வொன்றும் மெல்ல வந்தது, சிறிதாக வந்தது. டாக்டர் இதையெல்லாம் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். "உன் அண்ணனுக்கு அது வர்றதுக்கு முன்னாடி உள்ள ஏதும் தெரியுமா?" என்றார். தும்மல் வருகிற மாதிரி கழுத்துக்குள் ஒன்று முட்டும், அசைத்தால்தான் போகும் என்று நீ சொல்வதைச் சொன்னேன். வகுப்பில் அடக்கி வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து வாசலைத் தாண்டியதும் விடுவாயே, அதையும் சொன்னேன். அதுதான் டிக் என்கிற நரம்புத் துடிப்பு என்றார். சந்தனத்திடம் கேட்டதற்கு, "முன்னாடி ஒண்ணும் தெரியல டாக்டர், வீசுன பிறகுதான் எனக்கே தெரியுது" என்றாள்.

பிறகு இடது கையால் மேசையில் தாளம் போடச் சொன்னார். போட்ட நேரமெல்லாம் வலது கை சும்மா கிடந்தது. அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. அப்படியானால் நடிக்கிறாளா என்று கேட்டாள். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு, "நடிப்பு இல்லம்மா. அவ வேணும்னு செய்யல. அவ அண்ணனுக்கு உள்ளதும் இது இல்ல. இது வேற, இதுக்கு வைத்தியமும் வேற" என்றார். பேசிப் பேசி, பயிற்சி கொடுத்துச் சரியாக்கலாமாம். ஹாக்கியை நிறுத்த வேண்டாம் என்றும் சொன்னார்.

கழுத்துதான் அவருக்குப் பிடிபடவில்லை. நாலு நாளாகக் கழுத்து இடப்பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கிறது, விட்டு விட்டு வருகிறது. அதற்காகத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார். நாங்கள் இல்லை என்றதும் தலைக்கு ஸ்கேன் எழுதிக் கொடுத்து, திங்கட்கிழமை வரச் சொன்னார். பஸ்ஸில் வரும்போது அந்த மாத்திரையைப் பற்றி போனில் தேடிப் படித்தேன். கழுத்து இழுப்பது நோயே இல்லை, அண்ணா. மாத்திரை செய்வது. அம்மா அதையும் நோய் என்று நினைத்து, அரை மாத்திரையை முழு மாத்திரை ஆக்கியிருந்தாள்.

ராத்திரி மாத்திரை அட்டையை எடுத்து ஒளித்துவிட்டேன். அம்மா இன்று காலையிலிருந்து தேடுகிறாள். நான் சொன்னால் புத்தகம் படித்துப் பேசுகிறேன் என்பாள். நீ சொன்னால் கேட்பாள். நீ வழக்கமாகப் பேசும் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்காமல், இது கிடைத்ததும் அவளைப் போனில் கூப்பிடு. கோபப்படாதே. அந்தச் சீட்டை இத்தனை வருஷம் பத்திரப்படுத்தியதில் உன்மேல் உள்ள பிரியம்தான் இருக்கிறது. "என் வயித்துலதான் ஏதோ கோளாறு" என்று நேற்று இரண்டு முறை சொன்னாள்.

இன்னொன்று. பஸ்ஸில் சந்தனம் என் தோளில் சாய்ந்துகொண்டு, "நானும் அண்ணன் மாதிரி ஆயிருவேனாக்கா?" என்று கேட்டாள். ஆகமாட்டாய் என்று உடனே சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. அண்ணன் மாதிரி ஆனால்தான் என்ன என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்? சின்ன வயதில் நீ எத்தனை தடவை கண் சிமிட்டுகிறாய் என்று எண்ணிச் சிரித்தவள் நான். நீ ஒருநாளும் என்னை அடித்ததில்லை.

பொங்கலுக்கு முன்னால் இரண்டு நாள் லீவு கிடைத்தால் வா. வந்து அவள் பக்கத்தில் சும்மா உட்கார். அவள் உன்னைப் பார்க்கட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு.

உன் தங்கை,
சத்தியபாமா

வெள்ளிக்கிழமை

இதைத் தபாலில் சேர்ப்பதற்குள் அம்மா அதே சீட்டைக் காட்டி வேறு அட்டை வாங்கிவிட்டாள். நேற்று மத்தியானம் சந்தனத்துக்குக் கழுத்து இழுத்து, தாடையும் திறந்தபடியே இறுகி, வாயை மூட முடியவில்லை. ஆட்டோ பிடித்து இங்கேயே ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கிருந்த டாக்டரும் அதே கேள்வியைக் கேட்டார். அம்மா பக்கத்தில்தான் நின்றாள். நான் சொன்னேன். ஊசி போட்டார்கள். அரை மணி நேரத்தில் கழுத்து நேரானது. கை இன்னும் வீசுகிறது.